லீலாபாய் டீச்சரின் ஞாபகம்

வியாழக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லீலாபாய் டீச்சரின் தங்கை ஜெஸி பேசினார். "சிவகாமி டீச்சரே, அக்கா போயிட்டா" என்றார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கட்டன்சாயாவைக் கையில் எடுத்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். புதுக்கடை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு. வயது அறுபத்திரண்டு.

துக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அடுத்த அறையில் என் மகள் நிவேதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன், சொன்ன பிறகு அவளுக்கு என்ன ஆகும், இனி எனக்கு ஒன்று தெரியாவிட்டால் யாரைக் கேட்பேன் என்றுதான் மனம் ஓடியது. செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பற்றி எழுதும் இந்த நேரத்திலும் அந்தப் பயம் முழுதாக விடவில்லை.

டீச்சருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தது. இதை இப்படி வெளிப்படையாக எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதச் சொன்னவரே அவர்தான். "நான் செத்த பொறவு யாராவது எழுதினா நோய்க்க பேரச் சொல்லி எழுதணும். நரம்புத் தளர்ச்சின்னு எழுதினா எனக்குப் பிடிக்காது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மனச்சிதைவு என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்காது. "செதறிப் போனவளா நான்? தெனமும் காலத்த எழும்பி, எல்லாத்தையும் பெறக்கிச் சேத்துட்டுத்தானே ஸ்கூலுக்கு வாறேன்" என்பார்.

இருபது வருடங்களுக்கு முன், திருவட்டாறு போகும் வழியிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். நான் எங்கள் மாவட்டத்தின் கிழக்கே பூதப்பாண்டிப் பக்கம் பிறந்தவள். மேற்கே பேசுகிற தமிழ் ஆரம்பத்தில் எனக்குப் பாதிதான் விளங்கும். சேர்ந்த அன்றே தலைமையாசிரியை என்னைத் தனியாக அழைத்தார்.

"பக்கத்து கிளாஸ்ல தாவரவியல் எடுக்கது லீலாபாய் டீச்சர். ரெண்டு வருசம் லீவுல இருந்துட்டு வந்தவங்க. தலைக்குச் சொகமில்லாம இருந்தது. நீங்க ஒரு கண்ணு வச்சுக்கிடணும்."

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, எங்கள் வீட்டுப் பின்னறையில் வாழ்ந்தவர். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறை அது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வைப்பது என் வேலை. கதவை ஒரு சாண் திறந்து, தட்டைத் தரையில் வைத்து, காலால் உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுவேன். மாமா என்னை ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் ஓடுவேன். அந்தக் கால்களோடுதான் நான் அந்தப் பள்ளிக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

முதல் சில மாதங்கள் என் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே சுவருக்கு அப்பால் காது கொடுப்பேன். அங்கே எதுவும் விபரீதமாகக் கேட்டதில்லை. டீச்சர் கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டுப் படம் வரைவார். புத்தகத்தைப் பார்க்க மாட்டார். நோய்க்கு முன் படித்ததெல்லாம் அவருக்குள் உறுதியாக இருந்தது. புதிதாக வருவதுதான் தங்காது. பிள்ளைகளின் பெயர் மூன்றாம் பருவத்திலும் மனதில் நிற்காது. மாறிய பாடத்திட்டத்தில் சேர்ந்த இரண்டு பாடங்களுக்காக ஒவ்வொரு நாளும் முதல் நாள்போலத் தயாரித்து வருவார். அவர் கணவர் நோயின் முதல் வருடத்திலேயே பிரிந்துபோனவர். தங்கை ஜெஸிதான் உடன் இருந்தார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"டீச்சரே, என்னக் கண்டா உங்களுக்குப் பேடியா?"

பேடி என்றால் பயம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"பேடிக்காண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்கே என்னக் கண்டாப் பேடிதான்" என்றார். பிறகு, "எட்டாம் கிளாஸ் பரீட்சைப் பேப்பர் நான் உங்ககிட்டத் தந்தேனா?" என்று கேட்டார்.

"நேத்தே தந்தீங்களே டீச்சர்."

"தந்தேனா, இல்ல தரணும்னு நெனச்சேனா? எனக்கு அது ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். செய்ததுக்கும் செய்யணும்னு நெனச்சதுக்கும் இடையில உங்களுக்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. எனக்கு அந்த வரம்பு அழிஞ்சு போச்சு."

அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். துணிப்பைக்குள் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். அதில் அவர் எழுத மாட்டார். யாரிடமாவது ஒன்றைக் கொடுத்தால், யாரிடமாவது ஒன்றைச் சொல்லிவிட்டால், அவர்களையே ஒரு வரி எழுதித் தரச் சொல்வார். "எனக்க கையெழுத்துல இருந்தா அது நெனச்சதாட்டும் இருக்கலாம். மத்தவங்க கையெழுத்துல இருந்தா அது நடந்ததுதான்." அந்த நோட்டில் கடைக்காரர்கள், பியூன், தலைமையாசிரியை, பிள்ளைகள் எல்லோருடைய எழுத்தும் இருந்தது. அன்று நானும் எழுதினேன்: பேப்பர் பெற்றுக்கொண்டேன், சிவகாமி.

அடுத்த வருடம் நிவேதா பிறந்தாள். டீச்சர் பார்க்க வந்து, பிள்ளையைக் கையில் வாங்காமல் தொட்டிலில் வைத்தே கொஞ்சினார். "கையில தந்தீங்கன்னா நீங்க பேடிக்கணும். என்னத்துக்கு?" என்றார். அவர் சொன்னது சரி. நான் பயந்துகொண்டுதான் நின்றேன்.

இனி எழுதப் போவதை நான் இதுவரை அவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

நிவேதாவுக்கு இரண்டு வயதானபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துப் போனோம். டீச்சர்தான் வகுப்பாசிரியை. நானும் உடற்பயிற்சி ஆசிரியர் ராஜனும் துணைக்குப் போனோம். அந்தப் பாலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே கால்வாய்த் தண்ணீர் ஓடும். அதன் ஓரமாக ஆள் நடக்கும் வழி. கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப்பார்த்தால் தென்னை மரங்களின் உச்சி கால்களுக்குக் கீழே தெரியும். அதற்கும் கீழே, பாறைகளுக்கு நடுவில் ஆறு.

மத்தியானம் பேருந்தில் ஏற்றும்போது தலைகளை எண்ணினோம். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம். அபிஷா என்ற பெண் இல்லை.

டீச்சர் உடனே, சாதாரணமாகச் சொன்னார். "அபிஷாவ அவளுக்க மாமன்கூட அனுப்பியாச்சு. அவங்க புதுவீட்ல இண்ணைக்குப் பால்காய்ச்சு. பாலத்துக்கு மேல வந்து கூட்டிட்டுப் போனாரு."

நாங்கள் யாரும் அந்த மாமனைப் பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் அதற்குள் மறுகரைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகளைக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். எல்லோர் முன்னாலும், சத்தமாக.

"டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிஜமாவே அனுப்பினீங்களா?"

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது. அனுப்பினேன் என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்தினார். கண்கள் என்னை விட்டு வேறெங்கோ போயின.

"தெரியல்ல" என்றார்.

ராஜன் சார் பாலத்தின் மேல் ஓடினார். சில பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். நானும் ஓடினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தூணுக்கும் நடுவே கீழே பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பாறைமேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. யாரோ காயப்போட்ட வேட்டி என்று தெரிய வெகுநேரம் ஆனது. ராஜன் சார் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் இறங்கிப் போய் விசாரித்தார். போலீசுக்குச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. பள்ளிக்குப் போன் போட்டோம். அரைமணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது.

டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றியிருந்தார். நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, மெதுவாகக் கேட்டார்.

"எனக்க சஞ்சி எங்க?"

பை என் தோளில் தொங்கியது. ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளோடு படியிறங்கும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாலம் முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் நான் ஓடியிருக்கிறேன். நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், நீல மையில், எனக்குத் தெரியாத கையெழுத்து. அபிஷாவைக் கூட்டிச் செல்கிறேன், தாய்மாமன் என்று எழுதி, பெயரும் போன் நம்பரும் போட்டிருந்தது. அந்த நம்பருக்குப் பேசினோம். அந்தப் பெண் புதுவீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது நான் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருவட்டாறு தாண்டிய பிறகு அவரே பேசினார். முதன்முறையாக என்னை மக்கா என்று அழைத்ததும் அன்றுதான்.

"எனக்குத் தெரிஞ்சுதான் மக்கா இருந்தது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு நீ சொன்னியல்லா, அந்தால தெரியாமப் போச்சு. யோசிக்க யோசிக்க எனக்கு எல்லாம் கலங்கும்."

அதன்பின் ஒரு வாரத்துக்குள் அவருக்கு உடம்பு கெட்டது. அடங்கியிருந்த குரல்கள் திரும்ப வந்தன. அந்தப் பெண் ஆற்றில்தான் கிடக்கிறாள் என்று அவை சொல்லிக்கொண்டே இருந்தனவாம். ஜெஸி அபிஷாவை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டியும் அவை ஓயவில்லை. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நிர்வாகம் எங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. நான் எழுதினேன். மாணவியை யாருடன் அனுப்பினார் என்று அவருக்கு நினைவில்லை என்று எழுதினேன். நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார் என்பதையும் எழுதினேன். அந்த நோட்டு அரைமணி நேரம் என் தோளில்தான் இருந்தது என்பதை எழுதவில்லை. என் கேள்வியையும் எழுதவில்லை. எனக்கு வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. டீச்சரை வகுப்பாசிரியைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து வகுப்பில் தொடர்ந்து இலையும் வேரும் வரைந்தார். எங்கள் நட்பு அப்படியே வளர்ந்தது. நான் மார்த்தாண்டத்தில் வீடு பிடித்தேன். அவர் ஓய்வு பெற்றுப் புதுக்கடையில் தங்கையோடு இருந்தார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.

போன வருடம் நிவேதா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து பாதிப் பருவத்தில் வந்து இறங்கினாள். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, படிச்சது நிக்க மாட்டேங்கு" என்றாள். ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து மாலைவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன்மேல் துண்டைப் போட்டு மூடுவாள். தன்னைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்றாள். என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். அறை வாசலில் ஒரு ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்றேன். நின்ற பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நான் பெற்ற பிள்ளை அவள்.

டீச்சருக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்தார். நேரே அவள் அறைக்குப் போய், கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கும் பேசிச்சு மோளே. முப்பத்திநாலு வயசுல தொடங்கினது. மருந்துக்குக் கொஞ்சம் அடங்கும். நாம நாளைக்குப் போவோம்" என்றார். நிவேதா அவர் தோளில் சாய்ந்தாள். மறுநாள் நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தோம். எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று என் வாழ்நாள் முழுக்கப் பயந்திருந்தேனோ, அதை டாக்டர் சொன்னார்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, பதினாறு வருடமாகச் சொல்லாததை டீச்சரிடம் சொன்னேன். பை என்னிடம் இருந்ததை மறைத்து எழுதியதைச் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

"இருக்கு மக்கா. வேண்டாத்ததெல்லாம் நல்லா இருக்கும்" என்றார். பிறகு, "நீ பேடிச்சுப் போயிட்ட. அவ்வளவுதானே. இப்பமும் நீ பேடிச்சுத்தான் இருக்க. ஆனா அவளுக்க முன்னால அத வச்சு ஒண்ணும் கேட்டுராத" என்றார்.

அடுத்த ஏழெட்டு மாதங்கள் அவர் எனக்குக் கற்றுத் தந்ததுதான் நான் பெற்ற பெரிய படிப்பு. வகுப்புக்கு முப்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வளர்த்த கணக்கு டீச்சர் நான். "சொல்லு பாப்போம், ஞாபகம் இருக்கா" என்று வாயில் வந்துவிடும். அவர் அதைத் தடுத்தார்.

"கேக்காத. கேட்டா அவ ஊகிச்சு எதையாவது சொல்லுவா. தப்பாச் சொன்னா அந்தத் தப்புதான் ஒட்டிக்கிடும், சரி ஒட்டாது. நீ பதில முதல்ல சொல்லு. அவளயும் சொல்ல விடு. பைய பைய நீ சொல்லுகதக் கொறச்சா மதி, அது போதும்."

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடைக்குத் தனியாக பஸ்ஸில் போகப் பழக்குவதுதான் முதல் பாடம். டீச்சர் இங்கே வருவார். இருவரும் சேர்ந்து பஸ் ஏறுவார்கள். எந்த இடத்தில் நின்று, எந்த பஸ்ஸில், எந்தக் கடையைக் கண்டதும் எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு முன்னதாகச் சொல்லிக்கொண்டே போவார். அவளும் கூடவே சொல்வாள். பத்துப் பதினைந்து தடவை அப்படிப் போனபின் டீச்சர் பின் இருக்கைக்கு மாறினார். அதன்பிறகு ஒருநாள், "நாளைக்கு அவ ஒத்தைக்கு வரட்டு" என்றார்.

அன்று காலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு ஸ்டாண்டிலேயே நின்றேன். வழியில் வேறெங்காவது இறங்கிவிட்டால், பஸ்ஸில் யாராவது ஏதாவது கேட்டு அவள் பயந்துவிட்டால் என்று நினைத்து நினைத்து, ஒரு ஆட்டோவை நிறுத்திப் பின்னால் போகக் கிளம்பினேன். ஏறுவதற்குள் டீச்சரின் போன் வந்தது. "ஆட்டோ பிடிக்காத. வீட்டுக்குப் போ" என்றார். நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி போன். "வந்து சேந்தா. சாயா குடிக்கா." அவ்வளவுதான் சொன்னார். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை புதுக்கடையில் அடக்கம் நடந்தது. நிவேதாவைக் கூட்டிப்போகலாமா என்று காலைவரை தயங்கினேன். அவளே தயாராகி வந்து நின்றாள். சர்ச்சில் நிறையப் பேர் இருந்தார்கள். பழைய மாணவிகள் பலர் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர், யாராவது இரண்டு வார்த்தை பேச விரும்பினால் பேசலாம் என்றார். பள்ளி சார்பில் ஒருவர் பேசினார். பிறகு என் பக்கத்திலிருந்து நிவேதா எழுந்தாள்.

ஒரு வருடமாக அவள் நான்கு பேர் நடுவில் பேசியதில்லை. முன்னால் போய்ப் பெட்டியின் அருகில் நின்றாள். மைக்கைத் தொடவில்லை.

"லீலாபாய் டீச்சர் எனக்கு ரெண்டு காரியம் சொல்லித் தந்தாங்க. ஒண்ணு, பஸ்ல தனியா வர. ரெண்டாவது" என்றாள். நின்றுவிட்டாள்.

மின்விசிறிகள் சுற்றுவது மட்டும் கேட்டது. அவள் கண்கள் என்னைத் தேடின. எடுத்துக் கொடுக்க நான் பாதி எழுந்துவிட்டேன். ஆனால் இரண்டாவது என்னவென்று எனக்கும் தெரியாது. அவளும் அவரும் மட்டும் இருந்தபோது சொன்னதாக இருக்க வேண்டும். ஜனங்கள் காத்திருந்தார்கள்.

"ரெண்டாவது மறந்து போச்சு" என்றாள் நிவேதா. குரல் நடுங்கவில்லை. "ஞாபகம் வந்தா பொறவு சொல்லுகேன்."

பெட்டியின் விளிம்பைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. போதகர் தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். 

போய் வாருங்கள் டீச்சர். அவள் இன்னும் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.